ஸ்கொட்லாந்துக் கரையில் பட்டினி

ஸ்கொட்லாந்துக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. ஊர் பார்க்கப் போகிறவர்கள் கொஞ்சம் சந்தோசத்தோடு போவார்கள். நான் கோபத்தோடு போனேன். திரும்பி வந்து இவ்வளவு காலமாகியும் அந்தக் கோபத்தில் பாதி அப்படியே இருக்கிறது. ஆகவே அங்கே பார்க்கவேண்டிய இடங்கள் என்று படம் போட்டு விற்கிறார்களே, அவற்றையெல்லாம் நான் பார்த்த கண்ணாலேயே எழுதுகிறேன்.

காரணம் என் மகள் ஆரணி. ஒஸ்லோவில் பிறந்து அதன் புறநகரான ரொம்மனில் வளர்ந்தவள், பாலம் கட்டுகிற பொறியியலாளர். போன கோடையில் சிநேகிதிகளோடு ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்குக் கயாக் ஓட்டப் போனாள். கயாக் என்றால் இடுப்புவரை உள்ளே நுழைந்து உட்கார்ந்து துடுப்பு வலிக்கிற ஒடுங்கலான சின்னப் படகு. நோர்வேயில் கடல் இல்லையா, இங்கே கயாக் இல்லையா என்று நான் அப்போதே கேட்டேன். போனவள் கயாக் ஓட்டப் பழக்கிய பொடியனையே மனத்தில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

பொடியன் தமிழ்ப் பொடியன்தான் என்று என் மனைவி வசந்தி அதைப் பெரிய ஆறுதலாகச் சொன்னாள். பெயர் கௌதமன். தகப்பன் தவராசா அந்தக் கரையில் கடை வைத்திருக்கிறார். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குப் பக்கத்து ஊர். எல்லாம் சரி, பொடியனுக்கு என்ன வேலை என்று கேட்டால், வெள்ளைக்காரரைக் கடலில் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டுகிற வேலை. நான் ஒஸ்லோவுக்கு வந்து கோப்பை கழுவி, பத்திரிகை போட்டு, கடைசியில் பஸ் ஓட்டுநராகி அவளைப் படிப்பித்தவன். ரொம்மனில் யாராவது மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டால், துடுப்பு வலிக்கிறார் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆரணி என்னோடு சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். பயணப் பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, "நீங்கள் போய்ப் பாருங்கோ அப்பா. பாத்திட்டு வேண்டாம் எண்டால், வந்து என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. போனிலை சொல்ல வேண்டாம்" என்றாள். தகப்பனைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது? ஆனாலும் போனேன்.

சம்பந்தம் பேசப் போகிறவர்களுக்கு எங்கள் ஆட்களிடம் ஒரு முறை இருக்கிறது. சம்மதம் என்று மனத்தில் தீர்மானிக்கும்வரை அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம், தேநீர் குடிக்கலாம், சோறு சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். இந்தக் காலத்தில் இதை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. நான் பார்க்கத் தீர்மானித்தேன். பெட்டியில் கறிவேப்பிலைக் கட்டுக்குப் பதிலாக நோர்வேக் காய்ந்த ரொட்டியும் மண்ணிற வெண்ணெய்க்கட்டியும் வைத்துக்கொண்டேன். துணைக்கு யாரையும் கூட்டிப் போகவில்லை. கூட்டிப் போயிருந்தால் விமானம் இறங்குமுன்னே விசயம் ஒஸ்லோ முழுக்கப் போயிருக்கும்.

அந்த ஊருக்குப் போகிற பஸ்ஸைப் பற்றி ஒரு பஸ் ஓட்டுநர் என்ற முறையில் நான் சொல்லியே ஆகவேண்டும். வீதி ஒரு வண்டி மட்டும் போகிற அகலம். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கி நிற்கவேண்டும், பிறகு இரண்டு பேரும் கையசைக்கவேண்டும். எங்கள் ஓட்டுநர் எதிரே வந்த எல்லோருக்கும் கையசைத்தார். செம்மறி ஆடுகள் வீதியில் படுத்திருந்தபோது அவற்றுக்கும் அசைத்தார். ஒரு வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்கிப்போய், யாருக்கோ மருந்துப் பொதி கொடுத்து, நாயைத் தடவி, காலாறத் திரும்பி வந்தார். ஒஸ்லோவில் நான் அப்படி நிறுத்தினால் அடுத்த தரிப்பிடத்துக்கு முன்னால் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அழைப்பு வந்துவிடும். வண்டியில் இருந்த ஒருவரும் நேரத்தைப் பார்க்கவில்லை, நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தவராசா தரிப்பிடத்திலேயே நின்றார். கட்டையான மனிதர், ஒரு முழங்கால் சரியில்லாததால் சரிந்து சரிந்து நடந்தார். கையில் ஒரு பெரிய சாப்பாட்டுப் பை. "வாங்கோ அண்ணை, பசியோடை வந்திருப்பியள்" என்றதுதான் அவருடைய முதல் வார்த்தை. விமானத்தில் சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொன்னேன். அவர் முகம் வாடியது. அவருக்கும் முறை தெரியும்.

அவருடைய கடையில் பாலும் பத்திரிகையும் தூண்டில் புழுவும் முறுக்கும் ஒரே இடத்தில் விற்றன. நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் பின் கதவால் ஒருவன் வந்தான். தலை முதல் கால்வரை உடம்போடு ஒட்டிய கறுப்பு றப்பர் உடுப்பு, நிலமெல்லாம் தண்ணீர் வடிகிறது. அதுதான் கௌதமன். மாப்பிள்ளை பார்க்கப் போன தகப்பன்மார் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். ஒருவருக்காவது மாப்பிள்ளை ஈரமாக வந்து நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. "வணக்கம் அங்கிள், இப்பதான் ஒரு குறூப்பை இறக்கினனான்" என்றான். மாமா என்று சொல்லாமல் அங்கிள் என்று சொன்ன கவனத்தை மட்டும் நான் குறித்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் தவராசா என்னைக் கோட்டைக்குக் கூட்டிப் போனார். கோட்டை என்றால் கூரை இல்லாத மூன்று சுவர். நான்காவது சுவர் கடலுக்குள் விழுந்துவிட்டதாம். விழுந்த சுவரைப் பற்றி நீளமாக ஒரு பலகையில் எழுதியிருந்தார்கள். நிற்கிற சுவருக்கும் எச்சரிக்கைப் பலகை, படிக்கட்டுக்கும் பலகை, பலகையில் தலை முட்டும் என்பதற்கும் ஒரு பலகை. இதைப் பார்க்க நுழைவுச்சீட்டு வேறு. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சாதி நுளம்பு வந்து என் காது, கண்ணிமை, தலைவகிடு எல்லாவற்றையும் தின்னத் தொடங்கியது. என்னைத் தவிர எல்லாரும் அன்று அங்கே சாப்பிட்டார்கள்.

கோட்டைக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் சூப் வாங்கினேன். உருளைக்கிழங்கும் புகையூட்டிய மீனும் போட்ட வெள்ளைச் சூப். மிளகு கேட்டேன், ஒரு சிட்டிகைத் தூள் தந்தார்கள். தவராசா எனக்கு எதிரே இருந்து மடியில் அந்தப் பையை வைத்துக்கொண்டு, நான் சூப் குடிப்பதைத் துக்கத்தோடு பார்த்தார். பைக்குள் இருந்து கத்தரிக்காய்க் குழம்பு மணந்தது.

கலியாணப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை. பெண்ணைப் பெற்றவன் கடல் தாண்டி வந்திருக்கிறேன், அவர்தானே தொடங்கவேண்டும்? வசந்திக்குப் போன் எடுத்து இதைச் சொன்னேன். பெண் வீட்டார் கேட்கட்டும் என்று அவர் காத்திருப்பாராக்கும் என்றாள். நான் ஏன் முதலில் கேட்கவேண்டும் என்று கேட்டேன். அப்படியென்றால் இரண்டு பேரும் நல்லாக் கல்லைப் பாருங்கள் என்று போனை வைத்துவிட்டாள்.

நான் தங்கியது ஒரு கிழவியின் வீட்டில், அறையோடு காலைச் சாப்பாடும் தருகிற இடம். மறுநாள் காலை அவர் வைத்த தட்டில் வட்டமாக, கறுப்பாக ஒன்று இருந்தது. என்ன என்று கேட்டேன். இரத்தமும் ஓட்ஸும் என்று மிகுந்த பெருமையோடு சொன்னார். அன்று வெள்ளிக்கிழமை, நான் சைவம். முட்டையும் இல்லாமல் பன்றியும் இல்லாமல் அந்தத் தட்டில் மிஞ்சியது பாதித் தக்காளிப்பழம். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு என் காய்ந்த ரொட்டியைக் கடித்தேன்.

பிறகு கடல்நாய் பார்க்கப் போனோம். படகில் போட்டோக் கருவியும் கம்பளித் தொப்பியுமாக நிறையப் பேர். தொலைவில் ஒரு பாறையில் சாம்பல் நிறத்தில் சாக்குமூட்டைகள் கிடந்தன. அவைதான் கடல்நாய்கள் என்றார்கள். அவை தூங்கின. ஒன்று தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கியது. படகு முழுக்க ஆகா என்றது. சிவப்புச் சொண்டுக் கடற்பறவை பார்க்கலாம் என்று படத்தில் போட்டிருந்தார்களே என்று கேட்டேன். அவை போன கிழமைதான் புறப்பட்டுப் போனதாகப் படகுக்காரர் சொன்னார். நடக்காத விழாவுக்கு அழைப்பிதழ் அடித்த மாதிரித்தான் அந்தப் படம்.

திரும்பி வந்து துறையில் இறங்கியபோது கௌதமனைக் கண்டேன். வெயில் எறித்தது, அந்த ஊரில் நான் கண்ட ஒரே வெயில். கயாக் எடுத்துப் போக ஒரு கூட்டம் உடுப்பு மாட்டி ஆயத்தமாக நின்றது. அவன் கடலைப் பார்த்தான், கையிலிருந்த போனைப் பார்த்தான், இன்று போக முடியாது, காற்று மாறப்போகிறது என்று சொல்லி எல்லோரையும் திருப்பி அனுப்பினான். அவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர், தூரத்திலிருந்து வந்திருக்கிறோம், வெயிலைப் பார் என்று கைநீட்டிச் சத்தம் போட்டார். அவன் சிரிக்கவுமில்லை, பணியவுமில்லை. மாட்டேன் என்பதைத் திரும்பவும் அதே குரலில் சொன்னான்.

எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. வேலைதான் இது என்றால் அதையாவது ஒழுங்காகச் செய்யவேண்டாமா? வெயிலில் வந்த ஆட்களைத் திருப்பி அனுப்புகிறவன் என் மகளை எப்படி வைத்துப் பார்ப்பான்? அன்று இரவே ஆரணிக்குச் சொல்லவேண்டிய வசனத்தை மனத்தில் எழுதத் தொடங்கினேன். முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டிய வசனம். எப்படி எழுதினாலும் முதல் சொல்லிலேயே அவள் முகம் வந்து நின்றது.

மூன்றாம் நாள் தீவு. கடல் வற்றும்போது மணலில் நடந்தே போகலாம், தீவில் பழைய தேவாலயத்தின் இடிபாடு இருக்கிறது, எல்லோரும் போய்ப் பார்க்கிற இடம் என்றார் தவராசா. மணல் தொடங்குகிற இடத்தில் ஒரு பலகை. அதில் எந்த நேரத்துக்குள் திரும்பவேண்டும் என்று எழுதியிருந்தது. தலை முட்டும் என்பதற்கே பலகை வைக்கிற நாட்டில் இதை யார் படிப்பார்கள்? அத்தோடு கடலைப் பற்றி எனக்குத் தெரியும் என்ற எண்ணம். நான் பிறந்த இடத்துக் கடல் காலையும் மாலையும் பெரிய வித்தியாசமில்லாமல் ஒரே இடத்தில் நிற்கும். ஒஸ்லோக் கடல் அதைவிடச் சாது. நோர்வேயின் வடக்கே பாட்ஸ்பியோர்டில் மீன் வெட்டப் போன சிநேகிதர்கள், துறைக்குக் கீழே கிடந்த படகு மத்தியானம் துறைக்கு மேலே நிற்கும் என்று சொல்வார்கள். வடக்கே போனவர்களின் புளுகு என்று நான் அதை விட்டுவிட்டேன்.

தவராசாவுக்கு முழங்கால் நொந்தது. பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்து, நீங்கள் பார்த்துவிட்டுக் கெதியாக வாங்கோ என்றார். நான் தனியே போனேன். இடிபாட்டில் பார்க்க ஒன்றுமில்லை, வாசலும் ஒரு யன்னலும். ஆனால் தவராசாவும் சாப்பாட்டுப் பையும் இல்லாத ஒரே இடம் அதுதான் என்பதால் அங்கேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து நின்று கையை அசைப்பது தெரிந்தது. ஒரு கையில் பை. மற்றக் கையால் வா வா என்று கூப்பிடுகிறார். சாப்பிடக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். மூன்று நாளாக அவர் வேறு எதற்கும் என்னைக் கூப்பிடவில்லையே. வேண்டாம் என்று நானும் கையசைத்துவிட்டு, இடிபாட்டின் மறுபக்கம் போய் நின்றுகொண்டேன்.

பிறகு பார்த்தால் மனிதர் மூச்சு வாங்க என் முன்னால் நிற்கிறார். காற்சட்டை முழங்கால்வரை ஈரம். "அண்ணை, தண்ணி வந்திட்டுது" என்றார். சுவரைச் சுற்றி வந்து பார்த்தேன். நான் நடந்து வந்த மணலைக் காணவில்லை. அந்த இடத்தில் கடல் ஓடியது, நின்ற கடல் இல்லை, ஆறு மாதிரி ஓடுகிற கடல். அவர் உட்கார்ந்திருந்த கல்லும் போய்விட்டது. அந்தக் கல்லிலிருந்து அவர் கரைக்கு நடந்திருக்கலாம். நொந்த காலோடு என் பக்கம் நடந்திருக்கிறார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். "உங்களைத் தனிய விட்டிட்டு வீட்டை போய் மனிசிக்கு என்னெண்டு சொல்லுறது?" என்றார்.

மழையும் காற்றும் சேர்ந்து வந்தன. அவர் மகனுக்குப் போன் எடுத்தார். கொஞ்ச நேரத்தில் அலைகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் கயாக் தெரிந்தது, இரண்டு பேர் இருக்கக்கூடியது. கௌதமன் தனியே துடுப்பு வலித்து வந்து தீவின் காற்றுப் படாத பக்கத்தில் ஏறினான். நான் சப்பாத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றேன். கோபம் இருந்தாலும் வந்த உதவியை வேண்டாம் என்று சொல்கிற மடையன் இல்லை நான்.

"அங்கிள், நான் உங்களைக் கூட்டிக்கொண்டு போக மாட்டன்" என்றான் அவன்.

எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்றே சந்தேகம் வந்தது. தவராசா பதறிப்போனார். நடுங்குகிறாரடா, அண்ணையை முதலில் கொண்டுபோய் விடு, நான் இருக்கிறேன் என்று மகனைக் கெஞ்சினார். இவர் சம்பந்தத்துக்காகவே வந்திருக்கிறார், இந்த நேரத்தில் மாட்டேன் என்று சொல்லலாமா என்று கண்ணாலும் கெஞ்சினார். நானும் சும்மா இருக்கவில்லை. பின்னே எதற்கு இரண்டு பேர் படகைக் கொண்டு வந்தாய், இவ்வளவு தூரம் நீ வரலாம் என்றால் நான் போக முடியாதா என்று உரத்த குரலில் கேட்டேன்.

"நான் வரேக்கை இருந்த காத்து இல்லை இப்ப, கூடிப்போச்சு. நீங்கள் இதிலை ஒருநாளும் இருந்ததில்லை. நடுவிலை கவிண்டால் கை விறைச்சுப்போம், பிடிக்கேலாது. இஞ்சை குளிரும், ஆனால் ஒண்டும் நடக்காது. கடல் வத்தும்வரைக்கும் இருக்கவேணும்."

"நான் ஆரணியின்ரை அப்பா" என்றேன். அதை ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"ஆரா இருந்தாலும் மாட்டன் அங்கிள்" என்றான்.

அவன் முகத்தைப் பார்த்தேன். முந்தின நாள் துறையில் அந்தக் கூட்டத்துக்கு மாட்டேன் என்று சொன்ன அதே முகம். அதற்கு முன்னாலும் அந்த முகத்தை நான் கண்டிருக்கிறேன், என் பஸ்ஸின் கண்ணாடியில். ஒரு மாரியில், மழை விழுந்த கையோடு வீதியெல்லாம் கண்ணாடியாக உறைந்துபோன காலையில், ஒஸ்லோவில் ஸ்டொவ்னர் இறக்கத்துக்கு மேலே பஸ்ஸை நிறுத்திவிட்டு இறக்க மாட்டேன் என்று இருந்தேன். பின்னால் கதவைத் தட்டினார்கள், திட்டினார்கள், வேலைக்குப் பிந்துகிறது என்று ஒரு பெண் அழுதார். கட்டுப்பாட்டு அறையிலிருந்தும் அழைத்து, மற்ற வண்டிகள் போகின்றனவே என்றார்கள். நான் அசையவில்லை. அன்றைக்கு என்னை ஒருவரும் நல்லவன் என்று சொல்லவில்லை.

இந்தப் பொடியனுக்கு என்னை ஏற்றிக்கொண்டு போய்க் கரையில் இறக்கியிருந்தால் பெரிய பெயர். பெண்ணின் தகப்பனைக் கடலிலிருந்து மீட்ட மாப்பிள்ளை. வேறு யாராக இருந்தாலும் அந்தப் பெயருக்காகவே என்னைப் படகில் இருத்தியிருப்பான். இவனோ கலியாணமே தட்டிப்போனாலும் பரவாயில்லை என்று என் முன்னால் நின்று மாட்டேன் என்கிறான். எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை, அது எனக்கே புதினமாக இருந்தது.

அவன் படகிலிருந்து ஒரு சிவப்புத் துணிமூட்டையை எடுத்து உதறினான். எனக்கு அது தெரியும். நோர்வேயில் வின்ட்செக் என்போம், மலையில் காற்றடித்தால் இரண்டு மூன்று பேர் உள்ளே புகுந்து உட்கார்கிற பெரிய சாக்கு. எங்கள் இரண்டு பேரையும் அதற்குள் முகத்துக்கு முகம் பார்க்க இருத்தி, விளிம்பை எங்களுக்குக் கீழே செருகினான். கடலோரக் காவலுக்கு விசயத்தைச் சொல்லிவிட்டதாகவும், பயப்படத் தேவையில்லை என்றும், தான் வெளியே சுவரோடு இருப்பதாகவும் சொன்னான். உள்ளே வா என்றேன். இடம் காணாது என்றான்.

இரண்டு தகப்பன்மார், ஒரு சிவப்புச் சாக்கு, நடுவில் சாப்பாட்டுப் பை. முழங்காலோடு முழங்கால் முட்டியது. வேறு எங்கே பார்ப்பது? தவராசா என்னைச் சாப்பிடக் கேட்கவில்லை. மூன்று நாளில் முதல் தடவையாகக் கேட்கவில்லை. கையைப் பையின்மேல் வைத்துக்கொண்டு, மகன் சொன்னதற்கு மன்னிக்கவேண்டும், அவன் தொழிலில் அவன் அப்படித்தான், தாய் சொன்னாலும் கேட்கமாட்டான் என்று சொன்னார். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்று தெரிந்தது.

"பையிலை என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். "பிட்டு அண்ணை. மீன்குழம்பு, சம்பல். மனிசி விடிய எழும்பி அவிச்சது."

"தாங்கோ."

அவர் மூடியைத் திறந்து என் கையில் தந்தார். எனக்குப் பசியும் கூச்சமும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. முதல் வாயிலேயே அந்த வீட்டுக்காரி மூன்று நாளாகச் சமைத்துச் சமைத்துத் திருப்பி வாங்கிய சாப்பாடெல்லாம் நினைவுக்கு வந்தது. வெளியே ஒரு கிண்ணத்தில் பிட்டும் குழம்பும் கொடுக்கச் சொன்னேன். கௌதமன் வாங்கிச் சுவரோடு இருந்து சாப்பிட்டான்.

அப்போது என் போன் அடித்தது. ஊருக்குள் விட்டுவிட்டு எடுபட்ட போன் அந்தப் பாறையில் முழுசாக எடுபட்டது, இதுவும் அந்த நாட்டின் ஒழுங்குதான். ஆரணி. கௌதமன் ஏற்கெனவே சொல்லியிருக்கிறான். கடல் ஏறுகிற நேரத்தைப் பார்க்காமல் யாராவது போவார்களா என்று தமிழிலும் நோர்வேஜிய மொழியிலும் மாறி மாறி ஏசினாள். ஏசி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, "குளிருதோ? ஏதும் சாப்பிட்டனீங்களோ?" என்றாள்.

"சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன்."

"அந்த ரொட்டி இன்னும் முடியேல்லையோ?"

"ரொட்டி இல்லை. தவராசா வீட்டுப் பிட்டு."

அவளுக்கு நோர்வேஜிய மொழிதான் நாவில் முதலில் வரும், ஆனாலும் பிட்டின் அர்த்தம் தெரியாதவள் இல்லை. "அப்பா, நீங்கள் ஒஸ்லோவுக்கு வந்து என்ரை முகத்தைப் பாத்து…" என்று தொடங்கினாள்.

"வேண்டாம் எண்டால்தானே பிள்ளை, முகத்தைப் பாத்துச் சொல்லச் சொன்னனீ. ஓம் எண்டதைப் போனிலையே சொல்லலாம்" என்றேன்.

எதிரே தவராசா தலையைக் குனிந்துகொண்டு, என்னைக் கேட்காமலே என் பிட்டின்மேல் இன்னொரு மீன்துண்டை வைத்தார். குழம்பில் புளி கூடிப்போயிருந்தது. அந்தப் பயணத்தில் நான் யாரிடமும் சொல்லாத குறை அது ஒன்றுதான்.